பழைய பொறிக்குள் நுழைய ஒரு வாசல்

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில், நாம் பணிபுரியும் கல்லூரியின் இயற்பியல் துறையில் பழைய பொருள்களைக் கழிக்கும் வேலை நடந்தது. கை முறிந்த நாற்காலிகள், திரை மங்கிய அலைகாட்டிகள், மஞ்சள் பூத்த கணிப்பொறிப் பெட்டிகள் எல்லாம் வராந்தாவில் குவிக்கப்பட்டிருந்தன. காயலான் கடைக்காரர் தராசோடு வரும் நாளும் குறித்தாகிவிட்டது. அந்தக் குவியலின் அடியில் தட்டையான பெட்டி ஒன்று கிடந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஸ்பார்க்ஸ்டேஷன் 5. 1994-இல் சந்தைக்கு வந்த ஒர்க்ஸ்டேஷன் வகை அது. வீட்டுக் கணிப்பொறிகள் தட்டச்சுக்கும் விளையாட்டுக்கும் பயன்பட்ட காலத்தில் ஆய்வாளர்களும் பொறியாளர்களும் கணக்கிடுவதற்கென்று வாங்கிய பொறி.

தமிழ் படித்த நமக்கு அந்தப் பெட்டியோடு என்ன உறவு என்று கேட்கலாம். நமக்கு முதுகலையில் அகநானூறு கற்பித்த பேராசிரியர், இயற்பியல் துறை நண்பர் ஒருவரின் தயவால், மாலை வேளைகளில் அந்தப் பொறியின் முன் அமர்ந்திருப்பார். அகநானூற்றுப் பதிப்புகளுக்கிடையே உள்ள பாடவேறுபாடுகளைப் பாடல்வாரியாகத் தொகுப்பது அவருடைய வேலை. பல ஆண்டுகள் அட்டைகளில் எழுதி வந்ததைப் பின்னர் கணிப்பொறியில் ஏற்றத் தொடங்கினார். அவர் மறைந்த பிறகு வீட்டிலிருந்த அட்டைகளைக் கறையான் கொண்டுபோய்விட்டது. "அப்பா காலேஜ் கம்ப்யூட்டரில் எல்லாத்தையும் போட்டு வைத்திருக்கேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பார், சார்" என்று அவர் மகள் ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தக் 'காலேஜ் கம்ப்யூட்டர்' இதுதான். கிலோ கணக்கில் விலை பேசப்படுவதற்கு நான்கு நாள்கள் இருந்தன.

முதல்வரிடம் எழுதிக் கொடுத்துப் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டோம். அப்புறம்தான் சிக்கல் தொடங்கியது.

பொறிக்கு மின்சாரம் ஏறியது. வன்தட்டு சுழலும் ஓசையும் கேட்டது. ஆனால் உள்ளே நுழைய வழியில்லை. அதிலிருந்த இயங்குதளத்தின் கடவுச்சொல்லை அறிந்தவர்கள் ஓய்வுபெற்றுப் போய்விட்டார்கள், இருப்பவர்களுக்கு நினைவில்லை. வன்தட்டைக் கழற்றி இன்றைய கணிப்பொறியில் மாட்டலாமென்றால், அது 80 ஊசிகள் கொண்ட ஸ்கஸி இணைப்பு. இன்றைய மேசைக் கணிப்பொறி எதிலும் அதற்கு இடமில்லை. வெளியிலிருந்து வேறோர் இயங்குதளத்தைக் கொண்டு பொறியை எழுப்பலாமென்றால், யுஎஸ்பி என்பதே அந்தப் பெட்டியில் கிடையாது. நெகிழ்வட்டு இயக்கி தேய்ந்துபோயிருந்தது. குறுவட்டு இயக்கி இல்லை. வேறிடத்திலிருந்து ஸ்கஸி குறுவட்டு இயக்கி ஒன்றைத் தேடிப் பிடித்தாலும் அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. சாதாரண இயக்கிகள் 2048 பைட் துண்டுகளாகப் படிக்கும். இந்தப் பொறியோ எழும்போது 512 பைட் துண்டுகளை எதிர்பார்க்கும். பொருந்தும் விசைப்பலகையும் இல்லை, திரையும் இல்லை.

கணிப்பொறித் துறை நண்பர் பார்த்துவிட்டு, "இது செத்துப் போச்சு சார், விட்டுடுங்க" என்றார். நாம் இந்தக் கட்டுரையில் மறுக்க விரும்புவது அந்த ஒரு சொல்லைத்தான்.

*

நம்மிடம் முன்பு தமிழ் இளங்கலை படித்து, பின்னர் கணிப்பொறிப் பக்கம் போய்விட்ட மாணவர் ஒருவர் உதவிக்கு வந்தார். அவர் சொன்ன முதல் செய்தி வியப்பளித்தது. விசைப்பலகை இல்லாமல் மின்சாரம் கொடுத்தால், இந்தப் பொறி தன் பேச்சை முதல் சீரியல் போர்ட்டுக்கு மாற்றிக்கொள்ளுமாம். பின்புறமுள்ள 25 ஊசி இணைப்பில் கம்பியைச் செருகி, மறுமுனையை மடிக்கணினியில் இணைத்து, வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் செவிகொடுத்தால் போதும். அப்படியே செய்தோம். மடிக்கணினித் திரையில் எழுத்துகள் வந்தன. உள்ளிருக்கும் அடையாளச் சில்லின் செய்தி செல்லாது என்ற புகார் முதலில் வந்தது. அதன்பின் 'ஓகே' என்ற ஒரு சொல் நின்றது.

இரண்டையும் விளக்க வேண்டும். பொறிக்குள் இருக்கும் ஒரு நினைவகச் சில்லில்தான் அதன் ஈதர்நெட் முகவரி முதலான அடையாளங்கள் எழுதப்பட்டிருக்கும். அந்தச் சில்லைக் காப்பாற்றும் லித்தியம் மின்கலம் சில்லுக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. மின்கலத்தின் ஆயுள் ஏறத்தாழப் பத்தாண்டு. அது தீர்ந்துபோனால் பொறிக்குத் தன் பெயரே மறந்துவிடும். முப்பது ஆண்டுப் பொறியில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான், குறை சொல்வதற்கில்லை.

'ஓகே' என்பது ஓப்பன்பூட் என்னும் உள்ளுறை மென்பொருள் நம் கட்டளைக்குக் காத்திருப்பதன் அடையாளம். ஃபோர்த் என்னும் கணிப்பொறி மொழியால் ஆனது அது. வன்தட்டும் இயங்குதளமும் விழிப்பதற்கு முன்பே இந்தச் சிறிய உரையாடல் சாத்தியமாகிறது. இங்கே கட்டளைகளை இடலாம், நினைவகத்தைப் பார்க்கலாம், மறந்துபோன அடையாளத்தைக் கையால் எழுதவும் செய்யலாம். மொத்தம் 16 பைட்டுகள். முதலாவது வடிவ எண், அடுத்தது பொறியின் வகை, பின் ஆறு பைட்டுகளில் ஈதர்நெட் முகவரி, நான்கில் தேதி, மூன்றில் வரிசை எண், கடைசியில் முந்தைய பதினைந்திலிருந்தும் கணக்கிட்ட சரிபார்ப்பு எண். இந்நிறுவனத்தின் ஈதர்நெட் முகவரிகள் 08:00:20 என்று தொடங்குவன. மீதி மூன்று பைட்டுகள் சில்லின் மேல் ஒட்டியிருந்த சிறு சீட்டில் இருந்தன. சீட்டு உதிராமல் இருந்தது நம் நல்லூழ். மாணவர் ஒவ்வொன்றாகத் தட்டச்சிட்டார். மின்கலம் இல்லாததால் பொறியை அணைத்தால் எல்லாம் மறைந்துவிடும். மறுபடியும் பதினாறையும் எழுத வேண்டும். அந்த வாரத்தில் ஏழெட்டு முறை எழுதினோம். கடைசியில் ஒரு தாளில் குறித்துப் பெட்டியின் மேலேயே ஒட்டிவிட்டோம்.

பெயர் வந்துவிட்டது. இனி எழுப்ப வேண்டும். குறுவட்டும் நெகிழ்வட்டும் இல்லாத பொறிக்கு எஞ்சிய ஒரே வழி வலையமைப்பு. 'பூட் நெட்' என்று கட்டளையிட்டால், பொறி தன் ஈதர்நெட் முகவரியை அறிவித்து, "எனக்கு என்ன ஐபி முகவரி?" என்று அருகிலுள்ள எல்லாக் கணிப்பொறிகளையும் நோக்கிக் கேட்கும். இதற்கு ரார்ப் என்று பெயர். விடை தெரிந்த ஒரு கணிப்பொறி பதில் சொன்னால், அந்த முகவரியையே பதினாறடிமான எண்ணாக மாற்றி, அந்தப் பெயரிலுள்ள கோப்பை டிஎஃப்டிபி என்னும் எளிய முறையில் அனுப்பும்படி கேட்கும். 192.168.1.5 என்ற முகவரி கிடைத்தால், சி0ஏ80105 என்று தொடங்கி, பொறி வகையான சன்4எம் என்பதில் முடியும் கோப்பை அது தேடும். அந்தக் கோப்பு லினக்ஸ் நிறுவியாக இருந்துவிட்டால் வேலை முடிந்தது.

சொல்வதற்கு எளிது. முதல் இரண்டு நாள்கள் 'விடைக்குக் காத்திருந்து நேரம் கடந்தது' என்ற வரியே திரையில் மீண்டும் மீண்டும் ஓடியது. மடிக்கணினி வேறோர் அறையில், கல்லூரி வலையமைப்பின் வேறொரு பிரிவில் இருந்தது. ரார்ப் கேள்வி ஒரு பிரிவைத் தாண்டி மறுபிரிவுக்குப் போகாது. சிறிய ஸ்விட்ச் ஒன்றை வாங்கி இரண்டையும் நேராக இணைத்தபோது முகவரி கிடைத்தது. அப்போதும் கோப்பு வரவில்லை. கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் சிறிய எழுத்துகளை இட்டிருந்தோம். பாடவேறுபாட்டைத் தேடிப் புறப்பட்டவர்கள் ஓர் எழுத்து வேறுபாட்டில் ஒரு நாளை இழந்தோம். திருத்தியதும் திரையில் எண்கள் ஏறத் தொடங்கின. அந்தப் பெட்டிக்குள் லினக்ஸ் எழுந்தது.

எந்த லினக்ஸ் என்பதும் முக்கியம். ஸ்பார்க் செயலிக்கு லினக்ஸைக் கொண்டுவரும் பணியை 1990-களின் நடுவில் டேவிட் மில்லர் முன்னின்று செய்தார். டெபியன் தொகுப்பு 1999-இல் வந்த தன் 2.1 பதிப்பிலிருந்து ஸ்பார்க்கை ஏற்றுக்கொண்டது. இந்தப் பெட்டியிலுள்ள 32 பிட் வகையை ஆதரித்த கடைசிப் பதிப்பு 2007-இல் வந்த டெபியன் 4.0. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2010-இலேயே நின்றுவிட்டன. ஆனாலும் டெபியன் தன் பழைய பதிப்புகளைக் காப்பகத்தில் இன்றும் வைத்திருக்கிறது. கோப்புகளுக்கு இடப்பட்ட மின்கையொப்பங்கள் காலாவதியாகிவிட்டதால், அவற்றைப் பொருட்படுத்த வேண்டாமென்று நிறுவிக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

பேராசிரியரின் வன்தட்டின் மேல் எதையும் நிறுவக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தோம். பெட்டிக்குள் இரண்டு வன்தட்டுகளுக்கு இடமுண்டு. காயலான் கடையில், உடைத்துப் போட்டிருந்த பழைய சர்வர் ஒன்றிலிருந்து அதே 80 ஊசித் தட்டு கிடைத்தது. பேராசிரியரின் தட்டைக் கழற்றி வைத்துவிட்டு, புதிதாகக் கிடைத்த தட்டில் லினக்ஸை நிறுவினோம். பழைய ஓப்பன்பூட் தட்டின் முதல் ஒரு கிகாபைட்டுக்கு அப்பால் படிக்காது என்பதால், எழுப்பும் கோப்புகளுக்குத் தொடக்கத்திலேயே ஒரு சிறு பகுதி ஒதுக்க வேண்டும். மாலையில் தொடங்கிய நிறுவல் மறுநாள் காலையில் முடிந்தது. அதன்பின் பேராசிரியரின் தட்டை மீண்டும் மாட்டி, எழுத முடியாதபடி, படிக்க மட்டும் திறந்தோம். லினக்ஸுக்கு சன் நிறுவனத்தின் கோப்பு முறைமையைப் படிக்கத் தெரியும்.

பாடலுக்கு ஒரு கோப்பாக 312 கோப்புகள் இருந்தன. அகநானூற்றுப் பாடல்கள் நானூறு. மீதியை அவர் ஏற்றி முடிக்கவில்லை.

*

இந்தக் கதையை இவ்வளவு விரிவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒரு பொறி எப்போது சாகிறது என்ற கேள்விக்கு நாம் பொதுவாக வைத்திருக்கும் விடை தவறு என்று தோன்றுகிறது. பழசானதால் அது சாவதில்லை. மெதுவானதால் சாவதில்லை. தயாரித்த நிறுவனம் போனதாலும் சாவதில்லை. சன் மைக்ரோசிஸ்டம்ஸை ஆரக்கிள் நிறுவனம் 2010-இல் வாங்கிவிட்டது, ஆயினும் பெட்டி எழுந்தது. உள்ளே நுழையும் வழியை யாரும் எழுதி வைக்காதபோதும், எழுதி வைத்தும் அந்த வழி பூட்டப்பட்டிருக்கும்போதும்தான் பொறி சாகிறது.

நமக்கு வழி கிடைத்தது எப்படி என்று எண்ணிப் பார்க்கலாம். ரார்ப் முறையின் விதிகள் 1984-இல் பொது ஆவணமாக வெளியிடப்பட்டன. டிஎஃப்டிபியின் விதிகள் 1981-இல் வெளிவந்து 1992-இல் திருத்தப்பட்டன. அவை இன்றும் யாரும் படிக்கக் கிடைக்கின்றன. ஓப்பன்பூட்டின் அடிப்படை 1994-இல் ஐஇஇஇ 1275 என்னும் பொதுத் தரமாயிற்று. ஆப்பிளின் பவர் மேக்கின்டாஷ் கணிப்பொறிகளும் அதே தரத்தைப் பின்பற்றின. லினக்ஸின் மூல நிரல் திறந்திருந்தது. அடையாளச் சில்லின் 16 பைட்டுகளையும் விளக்கும் குறிப்புகளை முகமறியாதவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். இவர்களில் ஒருவரும் தமிழ்ப் பேராசிரியர் ஒருவரின் அகநானூற்றுக் குறிப்புகளை மனத்தில் கொண்டு எழுதியவர் அல்லர். ஆனால் பயன்படப்போவது யார் என்று தெரியாமலே, வழியை மறைக்காமல் எழுதி வைத்தார்கள்.

பேராசிரியரும் தம் பங்கைச் செய்திருந்தார். 1990-களில் தமிழைக் கணிப்பொறியில் ஏற்றியவர்களில் பலர் தத்தமக்குக் கிடைத்த எழுத்துருவில் ஏற்றினார்கள். ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு. எழுத்துரு தொலைந்தால் பனுவலும் படிக்க முடியாததாகிவிடும். யூனிகோடில் 1991 முதலே தமிழுக்கு இடமிருந்தும் அது புழக்கத்துக்கு வரப் பல ஆண்டுகளாயின. இவரோ ஆங்கில எழுத்துகளில் ஒலிபெயர்த்து, எந்த அலங்காரமுமில்லாத வெறும் உரைக்கோப்பாக வைத்திருந்தார். எந்தக் குறிலுக்கு எந்த எழுத்து, எந்த நெடிலுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணையையும் தனிக் கோப்பில் எழுதியிருந்தார். நம் மாணவர் ஒரு மாலைப்பொழுதில் அத்தனையையும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டார்.

சுவடிப் பதிப்பின் வரலாறு அறிந்த இலக்கிய வாசகர்களுக்கு இது புதிதாக இராது. பனையோலை என்றென்றும் இருப்பதில்லை. சில நூற்றாண்டுகளுக்குள் பெயர்த்தெழுதினால்தான் நூல் நிலைக்கும். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவர் கைக்கு வந்த ஏடுகள், இடையில் பெயர் தெரியாத பலர் படியெடுத்ததால் வந்தவை. படியெடுக்கப்படாதவை போயின. கணிப்பொறிக் காலத்தில் படியெடுப்பது எளிதாகிவிட்டது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். படியெடுக்கும் உரிமையும் வழியும் நம் கையில் இருக்கும்வரைதான் அது எளிது.

இன்று நம் கைகளில் இருக்கும் கருவிகளை இந்தக் கண்ணோடு பார்த்தால் கவலையே மிஞ்சுகிறது. நம் குறிப்புகளும் படங்களும் குடியிருக்கும் கைப்பேசிகளில் பெரும்பாலானவை, தயாரித்தவர் கையொப்பமிட்ட மென்பொருளைத் தவிர வேறெதையும் எழுப்ப விடுவதில்லை. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது, பாதுகாப்பான எழுப்புதல் என்னும் ஏற்பாடு கணிப்பொறிகளில் பரவலாயிற்று. மேசைக் கணிப்பொறிகளில் அதை உரிமையாளர் அணைக்க இடமிருந்தது. ஆனால் அந்த ஆண்டின் விண்டோஸ் ஆர்டி கருவிகளில் அணைக்கவே முடியாதபடி செய்திருந்தார்கள். பூட்டுக்குக் காரணமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. திருடப்பட்ட கைப்பேசியைத் திருடனுக்குப் பயனில்லாமல் செய்யவும், கள்ள மென்பொருளைத் தடுக்கவும் பூட்டு வேண்டும். பூட்டுக்கு ஒரு சாவி உண்டென்றால், பொருளை விலை கொடுத்து வாங்கியவரிடமும் அது இருக்க வேண்டும் என்பதே நம் வாதம். முப்பது ஆண்டு கழித்து ஒரு மகள் தன் தந்தையின் கைப்பேசியோடு வந்து நின்றால், 'ஓகே' என்று சொல்லிக் காத்திருக்க அதற்குள் ஏதேனும் இருக்குமா?

*

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பழம்பொருள் மோகத்தில் இதை எழுதவில்லை. இன்று மிக மலிவாகக் கிடைக்கும் பழைய மேசைக் கணிப்பொறிகூட இந்த ஸ்பார்க்ஸ்டேஷனைவிடப் பன்மடங்கு விரைவானது. இதில் இன்றைய உலாவி ஓடாது. பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன இயங்குதளத்தை இணையத்தில் இணைப்பதும் அறிவுடைமை ஆகாது. கல்லூரிகள் பழைய பொறிகளையெல்லாம் காத்து வைக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. இடமும் மின்சாரமும் வீணாகும்.

கட்டற்ற மென்பொருள் எல்லாவற்றையும் என்றென்றும் தாங்கி நிற்கும் என்று நம்புவதும் பிழை. லினக்ஸ் பிறந்ததே 386 செயலியில்தான். அதற்கான ஆதரவு 2013-இல் வந்த 3.8 பதிப்பில் நீக்கப்பட்டது. இட்டேனியம் செயலிக்கான ஆதரவு 2024-இல் வந்த 6.7 பதிப்பில் போயிற்று. பராமரிப்பவர் இல்லாததை விடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் விட்டதற்கும் அழித்ததற்கும் வேறுபாடு உண்டு. பழைய பதிப்பு மூலத்தோடு காப்பகத்தில் கிடக்கிறது. வேண்டுமென்பவர் போய் எடுத்துக்கொள்ளலாம். நாம் எடுத்துக்கொண்டோம்.

ஆகவே கல்லூரிகளிடமும் நூலகங்களிடமும் நாம் கேட்பவை மூன்றே. ஒரு பொறியைத் தராசில் வைப்பதற்கு முன் அதற்குள் என்ன இருக்கிறது என்று படித்துப் பாருங்கள். படிக்க முடியாவிட்டால் பெட்டியைப் போட்டாலும் வன்தட்டைப் போடாதீர்கள். கடவுச்சொற்களை ஆள் நினைவில் விடாமல், முத்திரையிட்ட உறையில், இருப்புப் பதிவேட்டோடு வையுங்கள். புதிதாக வாங்கும்போது, விலையும் வேகமும் கேட்பதோடு, "இதில் நாங்கள் விரும்பும் வேறொரு மென்பொருளை நிறுவ முடியுமா?" என்று ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள். முதல் இரண்டுக்கும் செலவில்லை. மூன்றாவதற்கு விற்பவர் முகம் சுளிப்பார், அவ்வளவே.

312 பாடல்களுக்கான குறிப்புகளும் இப்போது பேராசிரியரின் மகளிடமும் கல்லூரி நூலகத்திலும் மூன்று வேறிடங்களிலும் இருக்கின்றன. எஞ்சிய 88 பாடல்களுக்கான வேலையை நாமும் ஆய்வு மாணவர் ஒருவரும் தொடங்கியிருக்கிறோம். அவரளவு பொறுமை நமக்கு இல்லை, மெதுவாகத்தான் நடக்கிறது.

உதவிக்கு வந்த மாணவர், பெட்டியை எழுப்பிய முறை முழுவதையும் பதினொரு பக்கங்களில் தமிழில் எழுதித் தந்திருக்கிறார். அந்த ஒரு நாளை விழுங்கிய பெரிய எழுத்து, சிறிய எழுத்துக் குழப்பமும் அதில் உண்டு. "இந்தப் பெட்டி இனி எத்தனை பேரிடம் இருக்கப்போகிறது, இதை யாரப்பா படிக்கப்போகிறார்கள்?" என்று கேட்டோம். "நாம படிச்சதை எழுதினவங்களும் அப்படிக் கேட்டிருந்தா நமக்கு ஒண்ணும் கிடைச்சிருக்காதே, ஐயா" என்றார்.